சோம்பேறி முதலில் வருகிறாள்

மார்ச் 6

அடியே சோம்பேறி,

மூன்று நாளாக உன் ஆஜர் இல்லை. நம் தொட்டிச்செடிக் கைப்பேசிக் குழுவின் சட்டம் உனக்கே தெரியும். தினமும் செடியை அன்றன்று படம் எடுத்து, ஆஜர் என்று போட வேண்டும். மூன்று நாள் சத்தமே இல்லையென்றால் நான்காம் நாள் நிர்வாகி தபாலில் கடிதம் போட வேண்டும். விதை அனுப்ப வாங்கி வைத்த முகவரி இதற்கும் உதவுகிறது. அந்தச் சட்டத்தைப் போட்டு வாத்தி என்று பெயர் வாங்கிய நிர்வாகி நானே என்பதால், மூக்குக் கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து எழுதுகிறேன்.

சட்டத்துக்காக மட்டும் எழுதவில்லை. இரண்டாம் தேதி காலையில் நான் செய்தது எனக்கே உறுத்துகிறது. உன் செம்பருத்தி ஒருநாள் பூ. அதே பூ, அதே சாய்வில், மூன்று நாளாக விரிந்தே இருந்தால் கண்டுபிடிக்க மாட்டேனா? கண்டுபிடித்ததும் உன்னைத் தனியாகக் கேட்டிருக்கலாம். இந்த வாய் சும்மா இருக்குமா? "என்னடி இது, மூணு நாளா வாடாத பூ? தண்ணி ஊத்துறியா, பெயின்ட் ஊத்துறியா?" என்று எல்லார் முன்னாலும் போட்டேன். நர்ஸ் சிரித்தாள், லாரிக்காரர் சிரித்தார், குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு விட்டேனா? பழைய படம் போட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து என்ற சட்டத்தைக் காட்டி உன் எண்ணூற்றுப் பதினோரு நாளையும் அழித்தேன்.

நேரத்துக்கு நீ வந்ததே கிடையாது. மத்தியானம் சாப்பிட்டு ஏப்பம் விட்டபின் "குட் மார்னிங்" சொல்கிறவள். ஆனால் ஒரு நாள் தவறியதில்லை. அதைத்தான் அழித்தேன்.

நாம் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை என் கூடப்பிறந்தவளுக்கு முன்னால் உனக்குத்தான் சொன்னேன். கோபம் இருந்தால் திட்டு. நாலு வார்த்தை நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே, தாங்க முடியவில்லை.

உன்
வாத்தி

*

மார்ச் 11

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. காய்ச்சலாக இருந்ததால் குழுவுக்கு வர முடியவில்லை. கை நடுங்குகிறது, அதனால் அச்சடித்து அனுப்புகிறேன்.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நீங்கள் சட்டப்படி செய்தீர்கள். தவறு உங்களுடையது அல்ல. அதை நினைத்து நீங்கள் வருந்தவே கூடாது. மனதார மன்னித்துவிட்டேன்.

இன்று காலை ஆஜர் போட்டிருக்கிறேன். படம் இன்று எடுத்ததுதான்.

இப்படிக்கு
சோம்பேறி

*

ஏப்ரல் 2

சோம்பேறி,

உன் பதில் வந்த அன்று கடையிலேயே அழுதுவிட்டேன். கண்ணாடி போட்டுப் பார்க்க வந்த ஒருவர் பதறிப்போய், "என்னம்மா, பவர் அவ்வளவு கூடிடுச்சா?" என்று கேட்டார். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

ஆனால் இந்த மூன்று வாரமாக எனக்கு மனசு சரியில்லை. நீ காலை ஆறு பத்துக்கு வருகிறாய், குழுவில் முதல் ஆளாக. ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. படத்தில் செடி நட்டநடுவில் நிற்கிறது. உன் கட்டைவிரல் பாதி விழாத படம் ஒன்றை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. அந்த விரல் எங்கே போயிற்று? என்னை வாத்தியாரம்மா என்கிறாய், வாங்க போங்க என்கிறாய். போன வாரம் நர்ஸ் ஒரு ஜோக் போட்டாள். நீ ஒரு மணி நேரம் கழித்து "நல்ல நகைச்சுவை" என்று எழுதினாய். அடிப்பாவி, எவளாவது அப்படிச் சொல்வாளா? உன் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது, ரெண்டு வார்த்தை பதிவு பண்ணி அனுப்பு என்றால் தொண்டை சரியில்லை என்கிறாய். மூன்று வாரமாகவா தொண்டை?

சொன்னால் சிரிப்பாய். நேற்றுக் காலை உன் பெயர் திரையில் வந்தது. கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன். உன் பெயரைப் பார்த்து நான் ஏன் பயப்பட வேண்டும்?

ஏப்ரல் இருபதாம் தேதி உன் வீட்டுக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. மன்னித்தேன் என்று சொன்னதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிடு, போதும்.

உன்
வாத்தி

*

ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

நீங்கள் வர வேண்டாம். அவள் இல்லை. மார்ச் நான்காம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். நான் அவளுடைய கணவன். லிஃப்ட் மெக்கானிக்.

ஒரு வருடமாகவே அவளுக்கு உடம்பு சரியில்லை. குழுவில் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "எல்லாரும் என்னைப் பாத்தா குரலத் தாழ்த்திப் பேசுறாங்க. அங்க மட்டும்தான் ஒருத்தி என்னை வாடி போடின்னு திட்டுறா. அதையும் கெடுத்துடாதீங்க" என்பாள். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி வார்டில் சேர்த்தோம். அந்தப் பழைய படங்களை அங்கிருந்துதான் போட்டாள்.

உங்கள் கடிதம் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான். செய்தியைச் சொல்லத்தான் அவள் கைப்பேசியை எடுத்தேன். உள்ளே எல்லாரும் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "சோம்பேறி தூங்கிட்டாளா?", "யாராவது போய் எழுப்புங்கப்பா" என்று ஒரே சத்தம். என் வீட்டில் அவள் செத்துவிட்டாள் என்று தெரியாத ஒரே இடம் அதுதான். "வந்துட்டேன்" என்று தட்டினேன். ஒரு நிமிடத்தில் இருபது பேர் சந்தோஷப்பட்டார்கள். அதன்பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

தினமும் அவளாக எழுதுவேன், எழுதிவிட்டு நானே படிப்பேன். அவள் பெயர் மேலே இருக்கும். சில நாள் அதை யார் எழுதினார்கள் என்பதே மறந்துபோகும். நேற்று யாரோ "சாப்டியா?" என்று கேட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டேன். வைத்தபின்தான் பயமாக இருந்தது.

மன்னித்துவிடுங்கள்.

*

ஏப்ரல் 11

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்களைத் திட்டவா, உங்களுக்காக அழவா, ஒன்றும் புரியவில்லை. ஒரு மாதமாக நான் யாரிடம் கொஞ்சிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. உங்கள் துக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவள் இறந்தது எனக்கும் துக்கம்தானே, அதை எனக்குத் தராமல் வைத்துக்கொண்டீர்களே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் போட்டதை அவள் படித்தாளா? படித்துவிட்டு என்ன சொன்னாள்? அவளாக எழுத வேண்டாம், நீங்களாகச் சொல்லுங்கள். எனக்கு இதம் சொல்லவும் வேண்டாம். நடந்தது மட்டும் போதும்.

தங்கை

*

ஏப்ரல் 15

தங்கைக்கு,

படித்தாள். சிரித்த முகங்களையெல்லாம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு பேசியைக் கவிழ்த்து வைத்து, "இனிமே அவகூட பேச மாட்டேன்" என்றாள். சும்மா சொன்னதில்லை, கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு பேசியைத் தொடவே இல்லை. இரண்டு நாள்தான் இருந்தாள். உங்களைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே, "வீட்டுக்குப் போறப்ப செடியை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றாள். தினமும் குளிக்க நான் வீட்டுக்கு வந்துதான் போனேன். தொட்டி இருப்பது குளியலறைக்குப் போகிற வழியில். முதல் நாள் மறந்தேன். இரண்டாம் நாள் மறுபடி கேட்டாள். "நீ இருக்கிற இருப்புக்கு இப்ப பூதான் முக்கியமா?" என்று கத்திவிட்டேன், பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்க்கிற மாதிரி. மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. பேசியில் இருந்த பழைய படத்தையே மறுபடி போட்டுக்கொண்டாள்.

நீங்கள் அவளைக் கேலி செய்தது என்னால்தான். இப்போது தினமும் ஆறு மணிக்கு எழுந்து தண்ணீர் ஊற்றிப் படம் எடுக்கிறேன். அவளுடைய கணக்கு முப்பத்தாறு நாள் ஆகிவிட்டது.

அவள் உங்களை மன்னிக்கவில்லை. மன்னித்தது நான்.

அண்ணன்

*

ஏப்ரல் 17

அண்ணா,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். இப்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உங்கள்மேல் கோபம் இருக்கிறது. என்மேல் அதைவிட இருக்கிறது. இரண்டும் போக நாளாகும்.

இது கிடைத்ததும் குழுவில் நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் பெயரில், கணவன் என்று போட்டு. நான் உள்ளே இருப்பேன். எல்லாரும் அழுவார்கள், திட்டவும் செய்வார்கள். உங்களை அவர்கள் திட்டும்போது என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன், ஓடி ஒளிய மாட்டேன். அதன்பிறகு அவள் பெயரில் யாரும் எதுவும் எழுதக் கூடாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், படம் வேண்டாம்.

மார்ச் பதினொன்றாம் தேதி வந்த கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். தவறு உங்களுடையது அல்ல, வருந்தவே கூடாது என்று அதில் இருக்கிறது. அதை நீங்கள் உங்களுக்கு எழுதிக்கொண்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. நீங்களே வைத்திருங்கள், வேண்டும்போது எடுத்துப் படியுங்கள்.

எனக்கு அது வேண்டாம். என்னோடு பேச மாட்டேன் என்று சொன்னாள் இல்லையா, அந்தக் கோபமாவது அவளுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

தங்கை