அடுத்த வரி

9 ஜூன் 2025
பெருநாள் முடிந்து இரண்டு நாள். அசாம் ஜாவா ஊரில் நம் சாப்பாட்டுக் கடையில் கூட்டமே இல்லை. ரொட்டி மாவு மிஞ்சியதற்குச் சபுரா என்னைத்தான் திட்டினாள். பெண்டாட்டி திட்டாத நாள் ஒரு நாளா? மற்றபடி சுகம்.

14 ஜூன்
மகள் நூருல் தன் எம்.ஏ. ஆய்வைக் கல்லாவில் கொண்டுவந்து வைத்தாள். இக்கால அரபுக் கவிதையாம். கடகடவென்று வாசித்துவிட்டேன். குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு. அர்த்தம்தான் ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னாள்: ஊரைவிட்டுப் போன ஒருவன் வீட்டாரிடம், 'கதவைச் சாத்துங்கள், வரமாட்டேன்' என்கிறான். கேட்டால் உத்தரவு மாதிரி இருக்கும், அவன் செய்வதோ கெஞ்சல்.

அவன் மனசு உனக்கெப்படித் தெரியும் என்று மடக்கினேன்.

"அடுத்த வரியில, சாவி பழைய எடத்துலதான் இருக்கான்னு கேக்குறான் வாப்பா. வராதவனுக்கு சாவி எதுக்கு?"

கெட்டிக்காரி. பெருமையாக இருந்தது.

30 ஜூன்
நூருலுக்கு ஜோர்டானில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருஷம். நான் சம்மதித்தால்தான் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவாளாம். ஜூலை இருபது கடைசி.



3 ஜூலை
"போனா போ" என்றேன். வாய் சும்மா இருந்ததா? "செவ்வாய்க்கெழம லோரி வந்தா யாரு நின்னு சரக்கு எறக்குவா?" என்றும் கேட்டுவிட்டேன். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். இது சம்மதம் இல்லையாம். என்ன திமிர்! சொன்னது சொன்னதுதானே — இல்லையா?

லோரிக்கு நிற்க ஆளா கிடைக்காது? பொய் சொல்லாதே, மதார் சாகிபு. பிள்ளையைப் பார்க்காமல் இருக்க உன்னால் முடியாது, அவ்வளவுதான்.

8 ஜூலை
லோரி வந்தது. நானே இறக்கினேன். இடுப்பு வலி.

15 ஜூலை
ஆய்வை விளக்கும் நாளில் போட்டுக் காட்ட, அந்தக் கவிதையை என் குரலில் கைப்பேசியில் பதிந்தாள். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து வாசித்தேன். சாவி வரியில் இரண்டு தடவை தடுக்கி நின்றேன். மறுபடி வாசிக்கவா என்றேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றாள்.

19 ஜூலை
காலையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, "போய்ட்டு வாம்மா" என்றேன். நூருல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வரிக்குக் காத்திருக்கிறாள், கள்ளி.

நேற்றுக் கிள்ளான் போய் வாங்கிவந்த தடித்த பச்சைக் கம்பளிச் சட்டையை எடுத்து நீட்டினேன். "அங்க குளிருமாம். பச்சை புடிக்கலன்னா இன்னிக்கே மாத்திக்கலாம் லா."

என் பேனாவை வாங்கி, படிவத்தைக் கல்லா மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.