வாயிலிருந்து பிடுங்குகிறார்கள்

டிசம்பர் 24

மார்கழிப் பனி. விடியும் முன்பே கோயில் ஸ்பீக்கர். தலையில் மப்ளர். விரல் விறைத்துப் போய் இன்று எழுத்து கொஞ்சம் கோணல். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.

நேற்றோடு முதியோர் வகுப்பை மூடிவிட்டார்கள். அரையாண்டு லீவாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லீவு, சரி. சாயங்காலம் அதே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற கிழவன் கிழவிக்கு எதற்கு லீவு? எழுபது வயது வரைக்கும் லீவில்தானே இருந்தோம்? டீச்சரிடம் கேட்டேன். சிரித்தார்.

"லீவை வீணாக்காதீங்க ஐயா. தினம் ஒரு பக்கம் யாருக்காவது சத்தமா படிச்சுக் காட்டுங்க. நம்மை நாமேதான் வளர்த்துக்கணும்."

சரி. வளர்கிறேன்.

எனக்கும் ஒரு காரணம் உண்டு. தை பிறந்ததும் பேத்தி திவ்யாவுக்கு நிச்சயதார்த்தம். லக்னப் பத்திரிகையைச் சபை நடுவில் படிக்க வேண்டும். பெண் வீட்டுப் பெரியவர் படிப்பது எங்களில் முறை. இந்த வீட்டில் பெரியவர் நான். நான்தான் படிக்கப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஞ எழுத வந்துவிட்டது. ஞ ஞ ஞ. எவ்வளவு அழகு.

டிசம்பர் 25

திவ்யாவுக்கும் ஆபீஸ் லீவு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். இங்கிலீஷ். என்ன என்று கேட்டேன். இந்த லீவில் அவளும் வளரப் போகிறாளாம். காலை ஐந்து மணிக்கு எழுவது, ஏரிப் பக்கம் ஓடுவது, கம்ப்யூட்டரில் ஏதோ கோர்ஸ், சர்க்கரை கிடையாது, கோபம் கிடையாது. வெயில் ஏறின பிறகு எழுந்து, எதிர் வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்றுகொண்டே சொன்னாள்.

அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன்.

"ஆ... வ... டி. ஆவடி. அரு... கே. சா... லை... வி..."

"விபத்து, தாத்தா."

எனக்குத் தெரியும். வி வரைக்கும் வந்துவிட்டேன் அல்லவா?

"ஓட்... டு... ந..."

"ஓட்டுநர் தப்பியோட்டம்."

ஓட்டுநர் தப்பித்துவிட்டான். நான் மாட்டிக்கொண்டேன்.

"ஹெல்ப்தான தாத்தா பண்றேன்" என்கிறாள். சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போது தட்டிப் பறித்துத் தின்பதற்குப் பெயர் உதவியா?

பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். ராத்திரி அவளே கேக் கொண்டுவந்து கொடுத்தாள். தின்றேன். கோபம் போகவில்லை.

டிசம்பர் 27

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப். பஸ் வந்தது. போர்டைப் படித்தேன். பூ... ந்... த... அதற்குள் போய்விட்டது. நடத்துநர் கையை வேறு ஆட்டினான், "இன்னா பெர்சு, ஏர்றியா இல்லியா?" நான் முடிக்கும் வரை நின்றால் இவன் அப்பன் வீட்டு டீசலா காலியாகிறது? (ஆகிறது. இருந்தாலும்.)

டி.வி.யிலும் இதே அநியாயம். அடியில் எழுத்து ஓடுகிறது. யாருக்காக ஓடுகிறது? ஏற்கெனவே தெரிந்தவனுக்கா? நிறுத்தச் சொல்லி மகன் முருகேசனிடம் சொன்னேன். "அது நிக்காது நைனா" என்றான்.

உலகத்தையே படித்தவன் தன் வேகத்துக்குச் செய்து வைத்திருக்கிறான்.

பூஜை சாமான் கடையில் அச்சடித்த லக்னப் பத்திரிகைத் தாள் விற்கிறார்கள். பெயர், ஊர், நாள் எழுத இடம் விட்டிருக்கிறது. ஒன்று வாங்கி வந்தேன். மெத்தைக்கு அடியில்.

டிசம்பர் 28

'சௌபாக்கியவதி'. காலை முழுதும் இது ஒன்றுதான். சௌ பார்ப்பதற்கு மூன்று எழுத்து. சொல்வதற்கு ஒன்று. யார் செய்த வேலை இது. ஆனால் மதியத்துக்குள் பிடித்துவிட்டேன். சௌ! வீட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னேன். சந்தோஷம் தாங்கவில்லை.

மனைவி செல்லம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது, பிடுங்க மாட்டாள் என்று நம்பினேன். பிடுங்கவில்லை. மிக்சியைப் போட்டுவிட்டாள்.

"படி, படி, கேட்டுகினுதான் கீறேன்."

"இப்ப இன்னா படிச்சேன், சொல்லு?"

"நல்லா இருந்திச்சி."

டிசம்பர் 30

குளிர் குறையவில்லை. மூட்டு வலி.

கள்ளிக்குப்பம் முனையில் கன்னியம்மாவின் இட்லிக் கடை. வகுப்பில் என் பெஞ்ச் (இனி க. என்று எழுதுகிறேன், முழுப் பெயர் கையை வலிக்கச் செய்கிறது). வியாபாரம் முடிந்த பிறகு ஆளுக்கொரு பக்கம் படித்தோம். நான் படித்தேன். க. வாயே திறக்கவில்லை. அப்படி ஒரு நிம்மதி. அடுத்து அவள்.

"ம... ழை... க்... கா... ல... த்... தி..."

"மழைக்காலத்தில்" என்றேன்.

கரண்டியைத் தூக்கிவிட்டாள். "அது என் வார்த்தை அண்ணாத்தே! நீ ஏன் சொன்ன?"

"ரொம்ப நேரமா நின்னுகினு இருந்தியே..."

"நேரம் என்து. உனுக்கு இன்னா?"

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கும் அவள் மேல் கோபம்தான். இதற்குப் போய் கரண்டியா? வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில்தான் உறைத்தது. அவளைவிட மூன்று எழுத்து முன்னாடி போனதும் எனக்கே வாய் அரிக்கிறது. திவ்யாவைச் சொல்லி என்ன.

இல்லை, சொல்வேன்.

ஜனவரி 1

தெருவெல்லாம் கோலம், ஹேப்பி நியூ இயர். கலர் பொடியில் எழுதியதைப் படிக்க நின்றால் மிதிக்காதே என்கிறார்கள்.

முருகேசன் மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் மாமாவோடு. அவர்கள் அயனம்பாக்கத்தில் ஃபிளாட், எல்லாரும் ஐ.டி., பெரிய படிப்பு.

"அப்பாவா சார்? குடோன்ல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனாரு."

துணி காயப் போட வந்த நான் அப்படியே நின்றேன். சூப்பர்வைசரா? அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சிமெண்ட் மூட்டை தூக்கினேன். சூப்பர்வைசர் குடை பிடித்துக்கொண்டு நின்றான். இவனைப் படிக்க வைத்தது மூட்டையா, குடையா?

கேட்டேன். அந்தச் சூட்டிலேயே, பத்திரிகையை நான்தான் படிப்பேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"நைனா, அய்யர் படிச்சிடுவாரு. நீ எழுத்து எழுத்தா கூட்டிகினு நின்னா அவுங்க இன்னா நினைப்பாங்க?"

"இப்பதான் படிக்கக் கத்துகினான்னு நினைப்பாங்க."

"அதான் வேணாங்கறேன். திவ்யா அங்க போய் வாழணும் இல்ல?"

என்னால் அவனுக்கு வெட்கம். அதற்குப் பேத்தியின் வாழ்க்கையைப் போர்த்துகிறான். சாப்பிடவில்லை. செல்லம்மா தோசையைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். "அவன் மேல கோவம், தோசை இன்னா பண்ணிச்சி?" தின்றேன்.

ஜனவரி 5

வகுப்பு திறந்தார்கள். லீவில் என்ன செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். படித்தேன் என்றேன். படித்தும் காட்டினேன். 'சௌ' என்று ஆரம்பித்ததும், "சபாஷ், சௌபாக்கியவதி!" என்று டீச்சரே முடித்துவிட்டார்.

க. என்னைப் பார்த்துச் சிரித்தாள். போன வாரத்துக்குப் பிறகு இன்றுதான்.

ஜனவரி 25

ஞாயிறு. திருவேற்காடு பக்கம் மண்டபம். வெயில். பட்டுச் சட்டை கழுத்தில் அறுத்தது. இப்போது சாயங்காலம், வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

தட்டு மாற்றுவதற்கு முன் அய்யர் பத்திரிகையை எழுதி முடித்துக் கேட்டார், "பெண் வீட்டுப் பெரியவர் யாரு? வாசிக்கலாமே."

முருகேசன் கையை நீட்டினான். நானும் நீட்டினேன். தாளின் ஒரு ஓரம் அவனிடம், ஒரு ஓரம் என்னிடம். இழுத்தான். மூட்டை பிடித்த கை, விடவில்லை. மாப்பிள்ளை வீடு மொத்தமும் பார்த்தது. "கிழிஞ்சிடும்டா" என்றேன். அவன்தான் விட்டான்.

முதல் வரி, விசுவாவசு வருடம். அந்தப் பெயரை வைத்தவன் நன்றாக இருக்கட்டும். அதைத் தாண்டினேன். அச்சு எழுத்தெல்லாம் மெத்தைக்கு அடியில் இருந்த தாளிலேயே பழகினது. நல்லபடியாகப் போனேன். இடையிடையே அய்யர் பேனாவால் நிரப்பியிருந்தார். அதைப் பழகவில்லை. கையெழுத்து அச்சு மாதிரி இருக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி. அங்கெல்லாம் நின்று நின்று போனேன். ஊர்ப் பெயரைப் பிடித்தேன். சபை இருமியது. மாப்பிள்ளையின் மாமா, கோட்டுப் போட்டவர், என் தோள் வழியாகத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வரி. பெண்ணின் தாத்தா பெயர்.

"ஏ... ழு..."

"ஏழுமலை" என்றார் மாமா. "ஏழுமலை அவர்களின் பேத்தி. மேல போங்க சார்."

தாளை மடியில் வைத்தேன்.

"ஏழுமலை நான்தான்யா. என் பேரையாச்சும் என்னைப் படிக்க வுடு."

மண்டபமே சிரித்தது. திவ்யா குனிந்து தோள் குலுங்கச் சிரித்தாள். முருகேசன் சுவரைப் பார்த்தான். மாமா, "சாரி சார்" என்றார்.

"சார் இல்ல. மூட்டை தூக்கினவன். இந்த வருஷம்தான் படிக்கக் கத்துகினேன். கொஞ்ச நேரம் ஆவும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விசுவாவசுவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.