ஐம்பது டிகிரித் தண்ணீர்

ஜூன் 11, புதன்

சின்னப் பாத்திரத்தில் மூன்றாவது தடவையும் எண்ணெய் வந்துவிட்டது. அரைத்த சோயாவை ஐம்பது டிகிரி வெந்நீரில் கரைத்து, என்சைம் விட்டு ஒரு மணி நேரம் கிண்டவேண்டும். பால் பிரிக்கும் மெஷினில் சுற்றினால் ஏடு மேலே வரும். ஏட்டில் இன்னும் ஒரு மூடி என்சைம் விட்டுச் சுற்றினால் எண்ணெய். பெரிய மில்களைப் போல ஹெக்சேன் என்ற ரசாயனத்தை ஊற்றத் தேவையில்லை.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மருதாயி அக்கா முகர்ந்து பார்த்தார். "இது ஒற மாதிரிதான சத்யா? கொதிக்கிற பால்ல ஒற ஊத்துனா தயிராவுமா?" காலேஜில் எனக்கு ஒரு செமஸ்டர் சொல்லிக்கொடுத்தது இது. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் தலையாட்டினால்தான் பாட்டிலின் மூடியைத் திறப்பார்.

ஜூன் 13, வெள்ளி

எரிகிறது எனக்கு.

இன்று எங்கள் உழவர் சங்கத்தில் பெரிய தொட்டிக்குத் திறப்பு விழா. முதல் தண்ணீர் பொங்கி வழிய வேண்டுமாம். தலைவர் உடையப்பன் கேட்கிறார்: "புது வீட்டுல பால் பொங்காம குடி போவாங்களா மேடம்?" பொங்கியது. குலவை போட்டார்கள். அந்தக் கொதியிலேயே சோயா மாவைக் கொட்டச் சொல்லி, ஒரு பாட்டில் என்சைமையும் தன் கையால் ஊற்றி போட்டோவுக்கு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மருதாயி அக்கா கொட்டகைக்குப் பின்னால் நூறு பேருக்குப் பாயசம் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வரை சுற்றினோம். வெள்ளை வெள்ளையாக ஏடு, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கொதியில் செத்துப்போன என்சைம் என்ன செய்யும்? விழாவுக்கு வந்தவர்கள் பாயசத்தைக் குடித்துவிட்டு, "தண்ணியில எண்ணெய் எடுக்குறாங்களாம்" என்று சிரித்தபடி கீரமங்கலம் பஸ் ஏறினார்கள்.

ஜூன் 14, சனி

தொட்டியை நானும் மருதாயி அக்காவும் தேய்த்துக் கழுவினோம்.

ஜூன் 17, செவ்வாய்

கமிட்டி கூடியது. உடையப்பன் கூசாமல் சொல்கிறார்: "மருந்து கெட்டுப்போச்சு. மருதாயி பிரிட்ஜுல வைக்காம வெளிய போட்டுருச்சு." பிரிட்ஜ் சாவி என் பையில் இருக்கிறது! பாட்டிலை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அக்காவை இனி வரவேண்டாம் என்று தீர்மானம். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். என்ன அநியாயம் இது? பத்துப் பேர் இருந்த அறையில் ஒருத்தருக்கும் வாய் இல்லையா? அந்தப் பத்தில் நானும் ஒருத்தி. சீ.

ஜூன் 19, வியாழன்

பதிமூன்றாம் தேதி 'வாயைத் திறப்பதற்குள்' என்று எழுதியிருக்கிறேன். பொய். தண்ணீர் கொதிக்கக் கொதிக்கத் தலைவர் மைக்கில் பத்து நிமிஷம் பேசினார். தெர்மாமீட்டரோடு பக்கத்தில்தான் நின்றேன். தொண்ணூற்றெட்டு காட்டியது. அத்தனை பேர் முன்னால் அவரை மறுத்தால் ஆகஸ்டில் முடிகிற என் வேலையை நீட்டிப்பாரா — அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

கமிட்டி முன்னால் இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் கொதிநீர், ஒன்றில் ஐம்பது டிகிரி. இரண்டிலும் ஒரே அளவு சோயா மாவு, ஒரே பாட்டில் என்சைம், தலைவர் கையாலேயே. மத்தியானம் மெஷினில் சுற்றியபோது ஐம்பது டிகிரி வாளி மட்டும் எண்ணெய் கொடுத்தது.

"நான் அன்னைக்கே நெனச்சேன், சூடு ஜாஸ்தியோன்னு" என்றார் உடையப்பன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊத்துனது நீங்க. தெரிஞ்சும் பேசாம நின்னது நான். மருதாயி அக்கா மேல ஒரு தப்பும் இல்லைங்க. மினிட்ஸ்ல இதை எழுதுங்க."

எழுதினார்கள். என் பெயர் இருக்கிறது. தலைவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'விழா நெரிசலில்' என்று இருக்கிறது. நெரிசலா பாட்டிலைக் கவிழ்த்தது? ஆனால் அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சம்மதித்தார்கள்.

ஜூன் 27, வெள்ளி

மருதாயி அக்கா வந்தார். வாசலில் தனியாக அடுப்பு மூட்டி, குட்டிச் சட்டியில் பாலைப் பொங்கவிட்டார். "சாமிக்கு இது போதும். தொட்டி தொட்டியா இருக்கட்டும்."

தொட்டித் தண்ணீர் காயும்போது கேட்டார்: "அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா சத்யா?"

"தெரியும்க்கா."

நல்ல எண்ணெய் வந்தது, ஏழு பாட்டில். அதற்கு முன்னால், என்சைம் விடும் நேரம் வந்தபோது நான் தலையாட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தெர்மாமீட்டரைத் தானே இறக்கி, தானே படித்துவிட்டு, மூடியைத் திறந்தார்.