படிகாரம் போட்ட ஆறு

மே 12, திங்கள்
மாவட்ட அலுவலகத்திலிருந்து நான்கு காலி பாட்டில்கள் வந்தன. ஆற்று மீன்களின் வயிற்றில் புண் வருகிறதாம். தண்ணீரில் என்ன கலக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நான்கு இடங்களில் எடுக்க வேண்டும்: ஆறு எல்லை தாண்டி நம் பக்கம் நுழையும் இடம், ஆரஞ்சுத் தோட்டத்துக்குக் கீழே, பன்றிப் பண்ணைக்குக் கீழே, எங்கள் ஊரான தா மோனின் படித்துறை.

ஊர்த்தலைவர் இன்பான் நான் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்கே வந்து தீர்ப்பு சொல்லிவிட்டார். "எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், அக்கரைச் சுரங்கத்து வேலைதான். இதுல சோதனை என்ன வேண்டிக் கிடக்கு?"

மீன் சுட்டு விற்கும் புவா அக்கா, எங்கள் சுகாதாரத் தொண்டர், விடவில்லை. "ஆமா தலைவரே, உங்க ஆரஞ்சுத் தோட்டத்து மருந்துகூட அக்கரையிலேருந்துதான் நீந்தி வருது!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் பதிவேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

மே 14, புதன்
காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. பாட்டில்களை புவா அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். அவள் தம்பியின் படகில் போய் நான்கு இடத்திலும் எடுத்து, மறுநாள் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். படிவத்தில் 'மாதிரி எடுத்தவர்: திப்' என்று இன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்ன பெரிய குற்றம்? எல்லாரும் செய்வதுதான்.

மே 27, செவ்வாய்
முடிவு வந்துவிட்டது. நான்கு இடத்திலும் சுத்தம்! விடியற்காலையிலேயே தலைவர் ஒலிபெருக்கியில் மூன்று முறை படித்தார். மீன் பயத்தில் இரண்டு வாரமாக மூடிக்கிடந்த அக்காவின் கடையில் மறுபடி புகை. உப்புத் தடவிச் சுட்ட மீன் ஒன்றைச் சோற்றோடு என் கையில் திணித்தாள். மூன்று பிள்ளைகளை அந்த அடுப்பை வைத்தே படிக்க வைக்கிறாள். அவள் சிரிப்பைப் பார்க்க எனக்கே வயிறு நிறைந்தது. மீனையும் விடவில்லை.

ஜூன் 2, திங்கள்
எப்படி எழுதுவது.

சாயங்காலம் கடையில் சும்மா பேச்சு. "மழைக்காலத்துல ஆறு சேறா ஓடுது, பாட்டில்ல மட்டும் கண்ணாடி மாதிரி இருந்துச்சே அக்கா" என்றேன்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன? பட்டணத்துல பெரிய டாக்டருங்க பாக்கப் போறாங்க, சேத்துத் தண்ணிய அனுப்பி ஊர் மானத்தை வாங்கவா? நாலு இடத்துத் தண்ணியும் நாலு பானைல ஊத்தி, படிகாரம் போட்டு கலக்கி, ராத்திரி பூரா தெளிய வச்சு, மேலாப்புல மொண்டேன்ல."

எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீரை அப்படித்தான் வீட்டுக்கு எடுப்போம். அவள் செய்ததில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் படிகாரம் சேற்றை மட்டுமா அடிக்கு இழுக்கும்? சுரங்கத்திலிருந்து வரும் ஆர்சனிக் விஷத்தையும், கிருமியையும் சேர்த்துத்தான் இழுக்கும். விஷத்தைப் பானை அடியில் விட்டுவிட்டு மீதியை அனுப்பியிருக்கிறோம்.

சொன்னேன். அவள் கை விசிறியோடு நின்றுவிட்டது. அடுப்பில் ஒரு மீன் கருகியது.

"அப்ப நாம அனுப்பினது ஆத்துத் தண்ணியே இல்லியா, திப்?"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்கக்கா, மூணு மாசத்துல மறுபடி எடுப்பாங்க, அப்ப சரியா எடுத்துடலாம்" என்றேன். படித்தவள் நான்! என் கையெழுத்துதான் என் கண்ணில் நின்றது.

"மூணு மாசம் புள்ளைங்க அதுலதானே குளிக்கும்?" என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்
தூக்கம் இல்லை. வேலை போய்விடுமா? போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

ஜூன் 5, வியாழன்
விகாரை மண்டபத்தில் ஊர்க் கூட்டம். கடைசியில் அக்கா எழுந்துபோய்த் தலைவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். படிகாரக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். "மறுபடி எடுக்கணும். அதுவரைக்கும் என் கடைல மீன் கிடையாது."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் தலைவர். "மீன் விக்கிறவளே மீன் கெட்டதுன்னு சொல்றதை எங்கயாச்சும் கேட்டிருக்கோமா?"

"இப்ப கேட்டாச்சுல்ல?" என்றாள்.

பின்வரிசையில் யாரோ, "ஊரையே கெடுத்துட்டா" என்றார்கள். அவள் என்மேல் பழியைப் போடவே இல்லை. நான் சொல்லியும் கேட்காமல் தானாகச் செய்ததாகச் சொன்னாள். பொய்! அவளுக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை, காது சிவந்துவிட்டது. அதைப் பார்த்தபின் எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்தேன். நான் போகவே இல்லை, போகாமலே கையெழுத்துப் போட்டேன், சேற்றோடு எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை என்றேன்.

எனக்கு வந்த தைரியம் என்னுடையது அல்ல.

ஜூன் 9, திங்கள்
நானே போனேன், அக்காவோடு. எல்லையில் அக்கரைப் பெண்கள் கடுகுக் கீரை அலசிக்கொண்டிருந்தார்கள். அக்கா படகில் எழுந்து நின்று அவர்கள் பேசும் ஷான் மொழியில் கத்தினாள்: சோதனை முடியும்வரை குடிக்காதீர்கள் என்று. உட்கார்ந்ததும் சொன்னாள், "நமக்கு முன்னாடி குடிக்கிறது அவங்கதானே." எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. அக்கரை என்றால் சுரங்கம் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்
எல்லையிலேயே ஆர்சனிக் அளவுக்கு மேல். தோட்டத்துக்குக் கீழே பூச்சிமருந்து. பண்ணைக்குக் கீழே கிருமி. எங்கள் படித்துறையில் எல்லாமும். தலைவர் ஒலிபெருக்கியில் வாசித்தார். தோட்டம் வந்ததும் இருமினார். ஆனால் வாசித்தார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்
உடம்பில் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர்ச் சோதனை. காலையிலிருந்து ஈ காக்கை இல்லை. பட்டியலில் பெயர் வந்தால் சந்தையில் நம் காய்கறியை யார் தொடுவார்கள் என்ற பயம். மதியம் அக்கா மட்டும் வந்தாள்.

ஜூலை 14, திங்கள்
அக்காவுக்கு அளவுக்கு மேல். எத்தனை வருடம் தின்ற மீன். அவளிடம் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நல்ல வேளை, இப்போதே தெரிந்தது, ஆற்று மீனையும் தண்ணீரையும் விட்டால் விஷம் உடம்பிலிருந்து இறங்கிவிடும் என்றேன்.

"அதையும் சேத்து ஒலிபெருக்கில சொல்லு. என் பேரைச் சொல்லியே சொல்லு. மறைச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க."

சொன்னேன். பெயரோடு.

ஜூலை 15, செவ்வாய்
எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் வரிசை தெருமுனை வரை. தலைவர் மூன்றாவதாக நின்றார். அக்கா ஆளுக்கொரு குப்பியாகக் கொடுத்து அதட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அக்கரையிலிருந்து படகில் வந்த இரண்டு பெண்கள். இந்த நாட்டு அடையாள அட்டை இல்லை. படிவத்தில் 'ஊர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு நின்றேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஆத்தங்கரைன்னு எழுதேன்."

எழுதினேன்.