ரேஞ்சு கிடைக்காத போன்

அன்புள்ள அப்பாவுக்கு, ஷெர்லின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் சுகத்தைப் போனில் கேட்டால் உண்மை வராது என்பதால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை, நம்ம ஊர் பெனிஷும் நண்பர்களும் போட்ட நாடகத்தின் முதல் காட்சிக்குக் கால்கரியிலிருந்து எட்மன்டனுக்குக் காரில் போனோம். வழியெல்லாம் பனி. வண்டி ஒருமுறை வழுக்கி, ஓரத்துப் பனிக்குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்.

பெனிஷுக்கு அப்பா வேஷம். வெளிநாட்டிலிருக்கும் மகளோடு போனில் பேசும்போது இருமல் வந்ததும், போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினான். பிறகு காதில் வைத்து, "ஒண்ணும் இல்ல மக்கா, ரேஞ்சு கிடைக்கல்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நாடகம் முடிந்ததும், "இத எங்க படிச்ச?" என்று பெனிஷிடம் கேட்டேன்.

"ஏட்டி, போன வருஷம் உனக்க வீட்டுக்குப் போனேம்லா. உனக்க அப்பாவப் பாத்துதான். உனக்குத் தெரியும்ணு நெனச்சேன்."

நம்ம பேச்சிப்பாறையில் ரேஞ்சு மோசம், சிக்னல் சரியாக எட்டாது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன், அப்பா.

விசா இந்த வருஷமும் சரியாகாது. இப்போது ஊருக்கு வந்தால் திரும்பி வர விடமாட்டார்கள். கோட்டாறில் டாக்டரிடம் காட்டிவிட்டு, மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். பழைய கம்பளியைப் போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

இனி இருமல் வந்தால் போனைத் தள்ளிப் பிடிக்காதீர்கள். பக்கத்திலிருந்து நெஞ்சைத் தடவிவிடத்தான் முடியாது, கேட்கவாவது விடுங்கள்.

உங்கள் ஷெர்லின்