எடுக்கச் சொன்ன படம்

கூடுவாஞ்சேரி

அன்புள்ள அபிஷேக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், போன வாரப் பரிசோதனையிலும் புதிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. மலையிலிருந்து இறங்கியபோது வீங்கிய உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் ஆரம்பித்ததுமே நீ குறுக்கே பேசிச் சமாதானம் செய்துவிடுவாய்.

அங்கே பென் நெவிஸ் மலை உச்சியில் நீ நிற்கும் போட்டோவை அப்பா பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். கூட நிற்கிறவர்கள் சட்டையிலெல்லாம் அவரவர் வீட்டு மனிதர் ஒருவரின் படம் இருக்கிறது, உன் சட்டை மட்டும் வெறுமையாக இருக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட மலை ஏறப்போகிறேன் என்று நீ அறிவித்து, ஆஸ்பத்திரி வராண்டாவில் மொட்டைத் தலையோடு நான் இளநீர் குடிக்கும் படத்தை நெட்டில் போட்டாய். உன் சித்தி மகள் ஜெயப்பிரியா பெருமையாக அதை நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று நான் அழுது, உடனே எடு, சட்டையிலும் போடாதே என்று உன்னைத் திட்டினேன். மறுநாளே நீ எல்லாவற்றையும் எடுத்துவிட்டாய். ஜெயப்பிரியாவும் குரூப்பிலிருந்து அழித்துவிட்டாள்.

நமக்கு ரவிக்கை தைக்கும் ஷபானாவை உனக்கு நினைவிருக்கும், மார்க்கெட் பக்கத்தில் மெஷின் போட்டிருப்பாளே. ஆபரேஷனுக்குப் பிறகு நான் அவளிடம் போகவே இல்லை, அளவு எடுத்தால் தெரிந்துவிடும் என்று ரெடிமேடிலேயே காலம் தள்ளினேன். ஏதோ கோபம் என்று அவள் நினைத்திருக்கிறாள், தெரு குரூப்பில் படத்தைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்ததாம். போன மாதம் ஒருநாள் தானே வந்தாள், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள், பிறகு என் கையைப் பிடித்துத் தன் மார்பில் ஓர் இடத்தில் வைத்தாள். கட்டி. எத்தனை நாளாக என்று கேட்டேன். நீ போட்ட அந்தப் படம் வந்ததற்கும் முந்தியே என்றாள். ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "படத்தப் பாத்ததுமே உங்கள வந்து கேக்கணும்னுதான் இருந்தேன் டீச்சர். மறுநாளே எடுத்துட்டீங்க. இதப் பத்திப் பேசக்கூடாது போலன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

அன்றைக்கே அப்பா ஆட்டோ பிடித்து வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். கட்டி பெரிதாகிவிட்டதாம், முதலில் ஊசி மருந்து, சுருங்கினால்தான் ஆபரேஷன். இப்போது நெம்மேலியில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். முந்தாநாள் செங்கல்பட்டு போய், மாமல்லபுரத்தில் பஸ் மாறி, அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. தலையை மூடிக்கொள்ளப் போனவள் என்னைப் பார்த்ததும் முந்தானையை விட்டுவிட்டாள். கட்டி மருந்துக்குக் கேட்கிறது என்கிறார்கள், பார்க்கலாம். நீ சமாதானம் சொல்லாதே அபி, நான் வெட்கப்பட்ட நாட்களெல்லாம் அவள் இழந்த நாட்கள். உன் சட்டையும் என்னால்தான் வெறுமையாக இருக்கிறது, அந்த உச்சிக்கு இனி எப்போது போவாய்?

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்று படுக்காதே, முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய். போன காரியத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினாய், நீ நன்றாக இருப்பாய், நீண்ட ஆயுசோடு இரு. அந்தப் படத்தை மறுபடி போடு, மொட்டைத் தலையே இருக்கட்டும். கீழே "என் அம்மா" என்று மட்டும் எழுதாதே, பெயரையும் ஊரையும் போடு. கேட்க நினைக்கிறவர்கள் வீடு தேடி வரட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஜெகதாம்பாள்