இஞ்சி போட்ட காபி

லோத்குண்டா,
செப்டம்பர் 14, திங்கள்

அன்பு மகள் தேஜஸ்வினிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். மழை நாளில் அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேர்ந்து நடக்க மறுக்கிறது. நீயும் அந்த சுவீடன் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், இல்லையென்றால் உடனே போன் செய். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் அதை உன் அம்மா முடித்துவைக்கிறாள், அதுவும் தனக்கு வேண்டிய மாதிரி. நேற்றல்ல, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அச்யுத்தின் அப்பாவும் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்துபோன கதையை அவள் உனக்குப் பாதி சொல்லியிருக்கிறாள், அச்யுத் கொஞ்சம் சொல்லியிருக்கிறான். நீயும் கோபப்படுகிற மஞ்சள் மூஞ்சி ஆறு போட்டு, அப்பா என்ன பண்ணி வெச்சீங்க என்று எனக்கு அனுப்பியிருக்கிறாய். முடிவு உனக்குத் தெரியும், நடந்தது தெரியாது. அது ஸ்பீக்கர் போட்டுச் சொல்கிற விஷயமும் இல்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் மகன் சுனில் புதன்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான். அவன் பெட்டியில் அம்மா வைக்கப்போகும் கோங்குரா ஊறுகாய்க்கும் பருப்புப்பொடிக்கும் நடுவில் இதைச் செருகிவிடுவேன். காகிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் முழுக்க நீ எனக்குப் போட்ட உத்தரவுகளை நான் மறக்கவில்லை. அவங்க ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கலைன்னா அச்யுத் கல்யாணம் பண்ணிக்க மாட்டான்ப்பா, நானும் கேக்க மாட்டேன், எல்லாம் இந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான் என்றாய். அவன் அப்பா ராமச்சந்திரன் உப்பல் பக்கம் ஒரு காபித்தூள் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் ருசி பார்க்கிற வேலை செய்து ரிடையரானவர், இன்ஸ்டன்ட் காபி பாட்டிலைத் திறந்தாலே அவருக்கு எந்த மாசத்துத் தூள் என்று தெரியும், அவர் கம்பெனித் தூளையே வாங்கிவந்து அவருக்குக் காபி கொடுக்க வேண்டும், எப்படி இருக்கிறது என்று கேட்டால் சூப்பர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், டீ என்ற சொல்லே வீட்டில் கேட்கக் கூடாது. உன் பயம் நியாயம்தான். ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் டீயில் ஓடின உடம்பு இது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் டீ போடுவது நான்தான், உன் அம்மாவை அந்தப் பாத்திரத்தைத் தொடவிட்டதில்லை. உன் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் நாற்பது பேர் நடுவில், காபி என்பது கருகின புளியங்கொட்டைத் தண்ணீர் என்று நான் சொன்னதை அந்த நாற்பது பேரும் இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நீ சொன்ன தூளை வாங்கப் போனேன். கடைக்காரர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, சாப், காபி? கைக்கு? என்று, எதற்காம் என்கிற அர்த்தத்தில், கேட்டுவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கிறதா என்றும் விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் குகட்பள்ளியிலிருந்து வந்தார்கள். அவர் மெலிந்த மனிதர், கஞ்சி போட்ட சட்டை. அவர் மனைவி பத்மப்ரியா கையில் மல்லிகைப்பூவும் பழமும், கூடவே அதே காபித்தூள் பாட்டில் ஒன்று. ஆக நம் வீட்டில் இரண்டு பாட்டில் சேர்ந்துவிட்டது. அம்மா ஒரு அடுப்பில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள், காபியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்னொரு அடுப்பைப் பிடித்தேன். எப்படிக் கலக்கிறதுன்னு பாட்டில்லயே எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க என்றாள் அம்மா. என் கண்ணாடி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் போய் எடுத்துவந்து பாட்டிலைப் படித்தால் சம்பந்தியாகப் போகிறவருக்கு முன்னால் என் மரியாதை என்ன ஆவது? அதனால் எனக்குத் தெரிந்த வழியில் போட்டேன். பாலும் தண்ணீரும் கலந்து வைத்து, தூள் நாலு ஸ்பூன் போட்டு, இஞ்சி தட்டி, ஏலக்காய் இரண்டு போட்டு, மூடி வைத்துச் சின்னத் தீயில் பன்னிரண்டு நிமிஷம் தம் போட்டேன். மூடியைத் திறந்ததும் அம்மா மூக்கைச் சுருக்கி, என்னங்க இது, பிரசவம் பார்த்த வீட்டுக் கஷாயம் மாதிரி வாசனை வருது, கொட்டிட்டு வேற போடுங்க என்று என் காதில் சொல்லிவிட்டு பஜ்ஜித் தட்டோடு ஹாலுக்குப் போய்விட்டாள்.

இனிமேல் எழுதப்போவது அம்மாவுக்கும் தெரியாது. பால் இருந்தது, இரண்டு பாட்டில் தூள் இருந்தது, வேறு காபி கலக்க ஐந்து நிமிஷம் போதும். பாத்திரத்தை சிங்க் வரைக்கும் கொண்டுபோனேன். கொட்டவில்லை. அந்த இடத்தில் நின்றபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, இது கெட்டுப்போனது கெட்டுப்போனதாகவே இருக்கட்டும், அவர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகட்டும் என்று தோன்றியது. இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. அங்கே வேலையில் இருக்கிற அச்யுத்தைக் கட்டிக்கொண்டால் நீயும் அங்கேயே இருந்துவிடுவாய், இந்த வீட்டில் நானும் அம்மாவும் ஒருவர் வாக்கியத்தை ஒருவர் முடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து நாலு டம்ளரில் ஊற்றினேன். இஞ்சி தெரியாமல் போட்டதுதான் தேஜு. ஊற்றியது தெரிந்தேதான். உன் அப்பா இப்படியும் ஒரு ஆள் என்று எழுதவே கை கூசுகிறது.

ஹாலுக்கு வந்தால் அவர் சுவரில் இருக்கிற உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எங்க பையன் போன்ல நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டானுங்க, இப்ப ஒரு வருஷமாத்தான் சிரிச்சுப் பேசறான், உங்க புள்ளையோட பழக்கமுங்க என்றார். எனக்கு அந்தத் தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அதற்குள் அவர் டம்ளரை எடுத்துவிட்டார். முதலில் மோந்தார். கண்ணை மூடினார். பெரிதாகச் சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார். ருசி பார்க்கிறவர்கள் துப்பிவிடுவார்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய், அவருக்குப் பக்கத்தில் அம்மாவின் மணிபிளான்ட் தொட்டி இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விழுங்கினார். இதுல இஞ்சி இருக்குதுங்களே என்றார். பத்மப்ரியா ஏலக்காயுமுங்க என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு பஜ்ஜி பொரித்திருக்கலாம். ஆனால் அந்த மனுஷன் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

பிறகு, தப்பா நினைக்காதீங்க என்று சொல்லிவிட்டு நேரே நம் சமையலறைக்குப் போனார். ஒரு ஸ்பூன் தூள், ஒரு ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு வெளுக்கிற வரைக்கும் அடித்து, மேலே சூடான பாலை ஊற்றி என் கையில் கொடுத்தார். கொதிக்கவே வைக்கக் கூடாதாம், அடுப்பில் ஏற்றினால் தூள் செத்துவிடுமாம். குடிச்சுப் பார்த்து உண்மையைச் சொல்லோணும் என்றார். பின்னால் இருந்து அம்மா என் முதுகில் கிள்ளினாள். சூப்பர் என்ற உன் ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு தப்பு செய்துவிட்டு நிற்கிறவன், அதன் மேல் பொய்யும் சொல்ல மனசு வரவில்லை. வாசனை பிரமாதம் சார், ஆனா மூக்குக்குக் குடுத்த வாக்கை வாய்க்குள்ள வந்ததும் காப்பாத்த மாட்டேங்குது என்று சொல்லிவிட்டேன். அம்மா கிள்ளின இடத்திலேயே திரும்பவும் கிள்ளினாள். அவரோ சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து கஞ்சிச் சட்டையின் கையால் துடைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷமா இதைத்தானுங்க ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்தேன், ஒருத்தனும் கேக்கல என்றார். அப்புறம் மெதுவாக, உங்க டீ ஒண்ணு கிடைக்குமுங்களா என்று கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார். நாளெல்லாம் காபியைத் துப்பினவருக்கு வீட்டில் டீதானாம், இது அச்யுத்துக்குக்கூடத் தெரியாதாம். அவர் இரண்டாவது டம்ளரில் இருக்கும்போதே பத்மப்ரியா அம்மாவிடம், தை மாசம் வெச்சுக்கலாமுங்களா என்று கேட்டாயிற்று.

இவ்வளவும் உனக்கு ஏதோ ஒரு வகையில் தெரிந்திருக்கும். இது தெரியாது. வழியனுப்பக் கேட் வரைக்கும் போனேன். பெண்கள் இருவரும் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். அவர் என் தோளில் கை வைத்து, குணசேகரன் சார், நீங்க பாத்திரத்த சிங்க்குக்கிட்டக் கொண்டுபோய்ட்டுத் திருப்பிக் கொண்டாந்தத நான் ஹால்ல இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தனுங்க என்றார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, எங்களுக்கும் ஒரே பையன்தானுங்க, அவனும் அங்கேயே இருந்துடுவான், இத விடக் கசப்பா குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பனுங்க என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். தெரு திரும்புகிற வரைக்கும் கை காட்டிக்கொண்டே நின்றேன். அந்த வீட்டுக்கு நீ போவதில் எனக்கு இனி ஒரு கவலையும் இல்லை, வருத்தம் மட்டும் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்றபடி காபியைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தினமும் நாலு மணிக்கு, அம்மா ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போனதும், அவர் சொன்னபடி அடித்து ஒரு டம்ளர் கலந்துகொள்கிறேன். உனக்கு அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை, நீ சாப்பிட்டுவிட்டுக் காபியோடு உட்காருகிற நேரம். ருசி என்று சொல்ல ஒன்றும் இல்லை, கூட ஒரு ஆள் இருக்கிறது போல இருக்கிறது, அவ்வளவுதான். பாட்டிலில் தூள் குறைவதைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரங்க காத்தடிச்சு நிரப்பியிருக்காங்க, வெச்சாலே இறங்குது என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் ஆமாம் ஆமாம் என்கிறேன்.

வெந்நீரில் தலை குளி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. ராமச்சந்திரன் சாருக்கு வாரம் ஒரு தடவை நீயாகவே போன் செய், அச்யுத்தை உன் அம்மாவிடம் பேசச் சொல், என்னிடம் அவனாகவே பேசுகிறான். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, எந்த ஊரில் இருந்தாலும் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, தை மாசம் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
இஞ்சியை மட்டும் தெரியாமல் போட்ட உன் அப்பா,
குணசேகரன்